தூணில்லாத பெருங்கூரை

ஜப்பான் செல்லும் அன்பர்கள் புத்தர் சிலையையும் அதிவேக ரயிலையும் கண்டு திரும்புவது வழக்கம். டோக்கியோவில் நாமும் நம் இல்லத்தரசியும் ஒரு பகல் முழுவதையும் யோயோகி தேசிய விளையாட்டரங்கத்திற்கென்றே ஒதுக்கினோம். உடன் வந்தோர் நகைத்தனர்.

1964-ம் ஆண்டு ஒலிம்பிக் நீச்சல் போட்டிகளுக்காக எழுப்பப்பட்டது இவ்வரங்கம். வடிவமைத்தவர் கென்ஸோ டாங்கே. அது நிற்பதற்கான கணக்கைப் போட்டவர் பொறியியலறிஞர் யோஷிகாட்சு சுபோய். 126 மீட்டர் இடைவெளியில் இரு கான்கிரீட் கம்பங்கள். அவற்றின் தலைமீது ஏறி இறங்கும் எஃகு வடங்கள். அவ்வடங்களிலிருந்து இருபுறமும் சரிந்து தொங்கும் இரும்புக் கூரை! தொங்கு பாலம் ஒன்றில் பாதைக்குப் பதிலாகக் கூரையை மாட்டியதாக எண்ணிக் கொள்ளுங்கள். தொங்குவது காற்றில் ஆடுமன்றோ? நம் ரயில் பெட்டிகளின் அடியில் குலுக்கலைத் தணிக்கும் எண்ணெய்க் கலங்கள் உண்டல்லவா? அவ்வகைக் கருவிகளையே அங்கும் பொருத்தியிருக்கின்றனர்.

அந்நிலத்தின் கதையும் அறியத்தக்கது. ஒருகாலத்தில் அது ஜப்பானியப் படையின் அணிவகுப்பு மைதானம். 1945-ல் தோல்வியுற்றபின் அமெரிக்கப் படையினரின் குடும்பங்கள் அங்கே குடியேறின. ஒலிம்பிக்கை முன்னிட்டு நிலம் திரும்பக் கிடைத்தபோது, ஜப்பானியர் அங்கே பாசறை அமைக்கவில்லை. நீச்சல் குளம் அமைத்தனர். ஹிரோஷிமாவின் அமைதி நினைவு அருங்காட்சியகத்தை வடிவமைத்தவரும் இந்த டாங்கேயே.

பழையதை எளிதில் இடித்துவிடும் நகரம் அது. அருகிலுள்ள ஹராஜுகு ரயில் நிலையத்தின் 1924-ம் ஆண்டு மரக்கட்டிடத்தையே 2020-ல் பிரிக்கத் தொடங்கிவிட்டனர். நம் உத்தியோகம் காரணமோ என்னவோ, அது நம்மை உறுத்திற்று. அரங்கத்தை மட்டும் நிலநடுக்கம் தாங்கும்படி வலுப்படுத்தி, 2021-ல் நடந்த ஒலிம்பிக்கில் மீண்டும் பயன்படுத்தினர். அவ்வாண்டே முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகவும் அறிவித்தனர்.

குளம் இருந்த இடத்தில் இப்பொழுது ஆட்டத்தளம். அன்று கைப்பந்து ஆட்டம். மலிவான சீட்டாதலால் கடைசி வரிசை கிடைத்தது. கூரை நம் தலைக்கருகே தாழ்ந்து, அரங்கின் நடுவே வானளாவ எழுந்து, உச்சியிலுள்ள நீண்ட கண்ணாடித் திறப்பின் வழியே ஒளியைப் பொழிந்தது. “ஒரு தூணைக்கூடக் காணோமே! எது தாங்குகிறது?” என வினவினாள் இல்லத்தரசி. வடங்களின் கதையை விளக்கினோம். பாதியிலேயே அவள் கவனம் ஆட்டத்திற்குத் தாவிவிட்டது. மறைக்கத் தூணேது? பந்து கோட்டைத் தொட்டதைக் கடைசி வரிசையிலிருந்தே இருவரும் தெளிவாகக் கண்டோம். நடுவர்தாம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தார்.