ஆறுமுகம் மகன்களின் பாட்டு

மலேசியாவில் மலாய்க் கல்யாண வீடுகள் பலவற்றில், சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கராவோக்கே மேடை இருக்கும். வெயில் தாழும் நேரத்தில் மாப்பிள்ளையின் மாமன்மார் மைக்கைப் பிடிப்பார்கள். அப்போது தவறாமல் வரும் பாட்டுகளில் ஒன்று ‘ஹிங்கா அக்கிர் நந்தி’. பாதிக் கூட்டம் முணுமுணுக்கும், மீதிக் கூட்டம் வாய்விட்டே பாடும். மலாய்க்காரர்களின் நெஞ்சில் இத்தனை ஆழமாக இறங்கிவிட்ட அந்தப் பாட்டு அலிகேட்ஸ் குழுவினுடையது. அந்தக் குழுவின் முகமும் குரலுமாக இருந்தவர்கள் லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம். பினாங்கில் பிறந்த தமிழ்ச் சகோதரர்கள்.

நான் அவர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இல்லை. எங்கள் வீட்டில் இளையராஜா, ரகுமான், மின்னல் எஃப்எம். ஈப்போவின் ஓரத்தில் உள்ள ஜெலாப்பாங்கில் வழக்கமாகத் தே தாரிக் குடிக்கும் கடையில் ஒரு மாலை, மலாய் வானொலியில் அலிகேட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரப் பெரியவர் கிளாஸை வைத்துவிட்டு, “நம்ம ஆறுமுகம் மவனுங்க பாடறானுங்க, தெரியுமாம்மா?” என்றார். பாட்டுக்காரர்கள் தமிழர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் அந்த ‘நம்ம’வைச் சொன்ன விதம் என்னைப் பிடித்துக்கொண்டது. சொந்தத் தம்பி மேடையேறியதைப் போன்ற பெருமை அதில் இருந்தது. ஆங்கில சோல் இசையின் நெளிவுகளோடு, பிசிறில்லாத மலாயில், ஒரு தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பாடும் இந்தக் குரல் எங்கே உருவாகி வந்தது? அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

முதலில் எல்லாரையும் போலக் கைப்பேசியில்தான் தேடினேன். பாட்டுகள் கிடைக்கின்றன, வரலாறுதான் கிடைப்பதில்லை. இணையத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்புகள். தொகுப்பு வெளிவந்த ஆண்டுதான் பாட்டின் ஆண்டாகப் போட்டிருக்கும். 1980களின் தொடக்கத்துப் பாட்டு ஒன்று 2000க்குப் பிறகு வந்ததைப் போலத் தோன்றும். எது முதல் ஆல்பம், எது பத்தாண்டு கழித்து வந்தது, யார் எழுதியது, யார் மெட்டமைத்தது, எதற்கும் பதில் இல்லை. ஒரு கலைஞரிடம் தாமதமாக வந்து சேரும் ரசிகருக்கு வரிசைதான் முக்கியம். எந்தக் குரல் எப்போது பக்குவப்பட்டது, எந்த இடத்தில் புதிய பாதையில் திரும்பியது என்பதை வரிசை மட்டுமே காட்டும்.

ஆகவே கேசட்டுக்குப் போனேன். ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் பழம்பொருள் சந்தையில் தரையில் விரித்த தார்ப்பாயின்மேல் பழைய நாணயங்கள், கடிகாரங்கள், அரிக்கேன் விளக்குகளோடு கேசட்டுகளும் கிடக்கும். நான் வாங்கியதில் ஒன்று, போட்டவுடன் தண்ணீருக்கடியிலிருந்து பாடுவதைப் போல மங்கலாகக் கேட்டது. ஒலிப்பதிவின் குறை என்றுதான் முதலில் தோன்றும். அப்படி இல்லை. கேசட்டின் வாய்ப்பகுதியில், மெல்லிய செப்புத் தகட்டின் மேல் ஒரு சிறு பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும். நாடாவைக் கருவியின் ஒலிமுனையோடு அழுத்திப் பிடிப்பது அதன் வேலை. பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் உச்ச ஸ்தாயி ஒலிகள் எல்லாம் போய்விடும். மூலைத் திருகுகளைக் கழற்றி, இரண்டு சக்கரங்களையும் நாடா முறுக்கிக்கொள்ளாமல் தூக்கி, நல்ல கூடு ஒன்றுக்கு மாற்ற வேண்டும். நம் ஊர் ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை வேறு படிந்திருக்கும். அதை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, பென்சிலைச் சக்கரத்தின் பல்லில் மாட்டி, மெதுவாகச் சுற்றி முடித்துப் போட்டேன். சகோதரர்களின் குரல் அப்போதுதான் முகம் காட்டியது. மூச்சிழுக்கும் ஓசை கூடத் துல்லியமாகக் கேட்டது.

கேசட்டில் இன்னொரு புதையல் அதன் உள்தாள். மலாய் ஆல்பங்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் மெட்டமைத்தவர், பாடலாசிரியர் பெயர்களைப் போடும் பழக்கம் உண்டு. கைப்பேசி மறைத்துவிட்ட பெயர்கள் அந்த மடித்த தாளில் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் பின்னோக்கி நடந்தேன்.

அதற்கு ஜெலாப்பாங் நல்ல ஊர். சிலிபினும் புந்தோங்கும் பக்கத்தில். சிம்மோர், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபோது வெளியேறிய குடும்பங்கள் பல, ஈப்போவின் இந்த ஓரங்களில்தான் வீடு பார்த்து வந்தன. 1970களில் இளவட்டங்களாக இருந்தவர்கள் இன்று இங்கே தாத்தாக்கள். அலிகேட்ஸ் பேச்சை எடுத்தால் போதும், முகம் மாறும். மலேசியத் தொலைக்காட்சியில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது 1978 டிசம்பரில். தோட்டத்தில் யாரோ ஒருவர் வீட்டில்தான் பெட்டி இருக்கும். வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அலிகேட்ஸ் மலாயில் பாட வந்த காலமும் கிட்டத்தட்ட அதுவே. “முடியப் பாத்துட்டுத்தான் பாட்டக் கேட்டோம்” என்றார் ஒரு முன்னாள் பால்வெட்டுக்காரர். தலையைச் சுற்றி வட்டமாக எழும்பி நிற்கும் அந்த ஆப்ரோ முடி! அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துப் பையன்கள் முடிவெட்டுவதையே நிறுத்தினார்களாம். கறுப்பு நிறம், சுருட்டை முடி என்று கேலி செய்யப்பட்ட பிள்ளைகளுக்கு, அதே நிறத்தையும் முடியையும் நாடே ரசித்துப் பார்க்கிறது என்பது எத்தனை பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் தலைமுடி சின்ன விஷயமும் அல்ல. 1992இல் சர்ச், விங்ஸ் என்ற ராக் குழுக்களின் பாடகர்கள் தொலைக்காட்சியில் வர வேண்டுமென்றால் முடியை வெட்ட வேண்டும் என்று சொல்லி, தகவல் அமைச்சரே கத்தரி பிடித்தார்.

ஆனால் ஜெலாப்பாங் பெரியவர்களுக்குத் தெரிந்தது 1970களின் முடிவிலிருந்துதான். குழுவோ 1960களின் பிற்பகுதியில் பினாங்கில் பிறந்தது. இடையில் பத்தாண்டு இருக்கிறது. அந்தப் பத்தாண்டைத் தேடி வடக்கே ரயில் ஏறினேன்.

பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரியில் தீவுக்குப் போகும்போது, அந்தக் காலத்தில் பாலம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பினாங்குப் பாலம் திறந்ததே 1985இல். அதுவரை இசைக் கருவி, இசைத்தட்டு, கடலோடி, சிப்பாய் எல்லாம் பெரும்பாலும் துறைமுகம் வழியாகத்தான் தீவுக்குள் வரும். மறுகரையில் பட்டர்வொர்த் விமானத்தளத்தில் ஆஸ்திரேலிய விமானப்படை இருந்தது. 1988 வரை தளம் அவர்கள் கையில்தான். படையினரும் குடும்பங்களும் இருந்தால் நடன இரவுகள் இருக்கும், நடன இரவுக்கு மேற்கத்திய இசை தெரிந்த குழு வேண்டும். அதற்கு முன்பே பினாங்கு பாட்டுக்காரர்களின் ஊர். 1929இல் பி. ரம்லி பிறந்த மண். ஜிம்மி பாய்ல் ஜாஸ் தெரிந்த கையால் மலாய்த் தேசபக்திப் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்ட மண். சாக்ஸபோன் வித்தகர் அகமட் நவாப் பிறந்ததும் இங்கேதான். மலாய்க்காரர், யூரேசியர், இந்திய முஸ்லிம், தமிழர் என எல்லாரும் ஒரே தெருக்களில் ஒருவர் வாசிப்பை ஒருவர் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். 1960களில் பீட்டில்ஸ் அலை அடித்து, கித்தார் பிடித்த பையன்கள் ஊருக்கு ஊர் குழு தொடங்கியபோது, ஆறுமுகம் மகன்களும் அந்த அலையில் ஏறினார்கள். தமிழ் வீட்டிலிருந்து இப்படி ஒரு குழு கிளம்பியது பினாங்கில் அதிசயமே அல்ல.

அடுத்த பள்ளிக்கூடம் ஹாங்காங். என் தேடலில் என்னை அதிகம் உலுக்கியது இந்தப் பகுதிதான். 1970களில் அலிகேட்ஸ் அங்கே இரவு விடுதிகளில் வாசித்துப் பிழைத்தது. விடுதிக் குழுவின் வேலை என்னவென்று முன்பு அப்படி வாசித்த ஒரு முதியவர் எனக்கு விவரித்தார். ஓர் இரவுக்குப் பல சுற்றுகள். வாடிக்கையாளர் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பும் பாட்டு தெரியாது என்று சொல்லக்கூடாது. அமெரிக்கரும் ஆங்கிலேயரும் கான்டனீயரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நடனமாடுகிறவரின் கால் நின்றுவிட்டால் குழுவின் ஒப்பந்தமும் நின்றுவிடும். நாள் தவறாமல் இப்படி ஆண்டுக்கணக்கில் வாசித்தால் தாளம் உடம்பில் ஏறிவிடும். குரல்கள் ஒன்றையொன்று பார்க்காமலே சேர்ந்துகொள்ளும். அலிகேட்ஸின் மலாய்ப் பாட்டுகளில் எனக்குப் பிடித்ததெல்லாம், கூட்டுக்குரல் வந்து சேரும் நேர்த்தி, அவசரப்படாத தாளம், வரியின் கடைசிச் சொல்லை இழுத்து வளைக்கும் சோல் பாணி, அந்தக் கூலி வேலையின் விளைச்சல் என்றே நம்புகிறேன். மேதைமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். அதற்குப் பின்னால் இருக்கும் இரவு உழைப்பைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

ஊர் திரும்பி மலாயில் பாடத் தொடங்கியதுதான் பெரிய திருப்பம். இங்கேதான் உள்தாள் எனக்கு வழிகாட்டியது. ‘செகுந்தும் மவார் மேரா செபுவா புய்சி’, அதாவது ஒரு சிவப்பு ரோஜா, ஒரு கவிதை. மெட்டு எம். நாசிர், வரிகள் எஸ். அமின் ஷஹாப். எம். நாசிர் 1957இல் சிங்கப்பூரில் பிறந்தவர். கெம்பாரா என்ற குழுவைத் தொடங்கியது 1981இல். பிற்காலத்தில் மலாய் இசையின் பெரும் ஆளுமையாக உயர்ந்த அவர், இளைஞராக இருந்தபோது தன் மெட்டுகளை நம்பி ஒப்படைத்த குரல்களில் இந்த இரு சகோதரர்களின் குரல் முக்கியமானது. அப்போதிருந்த மலாய்க் காதல் பாட்டுகளோடு வைத்துக் கேட்டால், அமின் ஷஹாபின் வரிகளில் கவிதை கூடுதலாக இருக்கும். அந்தக் கவிதையை, மலாய் தாய்மொழி அல்லாத இருவர் ஒரு சொல்லின் ஓசையும் பிசகாமல் பாடுகிறார்கள். 1980களின் தொடக்கத்தில் வந்த ‘சென்யும்லா கோலாலம்பூர்’ ஒரு நகரத்துக்கே அடையாளப் பாட்டாகிவிட்டது. தலைநகரை மலாயில் சிரிக்கச் சொல்லிப் பாடியவர்கள் பினாங்குத் தமிழர்கள் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

ஜெலாப்பாங் பெரியவர்களிடம் ஒரு மனத்தாங்கல் உண்டு. “தமிழ்ல பாடியிருந்தா இன்னும் எங்கயோ போயிருப்பானுங்க.” இதை நான் ஏற்கவில்லை. அன்று இங்கே தமிழ் இசைத்தட்டுச் சந்தை என்றால் சென்னையிலிருந்து வந்த சினிமாப் பாட்டுதான். உள்ளூர்த் தமிழ்ப் பாடகர்களுக்கு வானொலியும் கோயில் திருவிழா மேடையுமே போக்கிடம். 1971க்குப் பிறகு தேசியக் கலாசாரக் கொள்கை மலாய்ப் பண்பாட்டை நடுவில் வைத்தது. அந்த நடுவுக்கே போய், யாருடைய தயவும் இல்லாமல், குரலை மட்டும் வைத்து இடம் பிடித்தவர்கள் இவர்கள். பெயரையும் மாற்றிக்கொள்ளவில்லை. லோகநாதன் என்று அப்பா வைத்த பெயரோடும், ஆறுமுகம் என்ற அப்பாவின் பெயரோடும் நாட்டின் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தார்கள். தமிழுக்கு அவர்கள் கடன் பாக்கி வைக்கவில்லை. நாம்தான் அவர்களுக்குப் பாக்கி வைத்திருக்கிறோம்.

லோகா என்று அழைக்கப்பட்ட லோகநாதன் 2007 ஜூன் மாதம் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். டேவிட் அதன் பிறகும் குழுவின் பெயரைக் கீழே போடாமல் மேடையேறினார். தேடித் தேடிக் கேட்ட பிறகு எனக்கு இருவர் குரலும் தனித்தனியாகத் தெரிகிறது. கூட்டுக்குரலில் லோகா எங்கே நிற்கிறார் என்று காது தானாகத் தேடிப் போகிறது. எந்தப் பாட்டை முதலில் கேட்கலாம் என்று கேட்பவர்களுக்கு ‘செகுந்தும் மவார் மேரா’வைத்தான் சொல்கிறேன். பிறகு வரிசையாக முன்னாலும் பின்னாலும் போகலாம்.

உங்கள் வீட்டு அலமாரியில் அலிகேட்ஸ் கேசட்டோ இசைத்தட்டோ இருந்தால் பழைய சாமான் வாங்க வருகிறவரிடம் போட்டுவிடாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உள்தாளை விரித்து இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ தோட்டத்து வாத்தியக் குழுவில் கித்தார் வாசித்தவராக இருந்தால், கூட வாசித்தவர்கள் பெயர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அந்த விவரத்தை நமக்குச் சொல்லக்கூடியவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.