கறுப்பு பீரும் கலயத்துச் சுண்ணாம்பும்

ராத்திரி பதினொரு மணிக்கு ஜெர்மனியிலிருந்து போன்.

"மாப்ளே, பொறந்தாச்சுடா! கறுப்புன்னா கறுப்பு, அப்படி ஒரு கறுப்பு. இருபது லிட்டர்!"

குழந்தையைக் கிலோவில்தானே சொல்வார்கள் என்று தூக்கக் கலக்கத்தில் யோசித்தேன். அப்புறம்தான் விளங்கியது. பயல் வீட்டிலேயே பீர் காய்ச்சியிருக்கிறான்.

நாகர்கோவிலில் பி.காம். படித்த மூன்று வருஷமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து எழுதியவன். எனக்கே டேலி ஆகாது என்பது அவனுக்குக் கடைசி வரை தெரியாது. இப்போது ம்யூனிக் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். (நான் கதை, கட்டுரை எழுதிப் பிழைக்கிறேன். யார் டேலி ஆனார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

"மாசி மாசம் மண்டைக்காடு கொடைக்கு வர்றேன். நீயும் ஊருக்கு வாடா. அப்பாகிட்ட இதைச் சொல்லணும். தனியா சொல்ல பயமா இருக்கு."

அவன் ஊர் மணவாளக்குறிச்சி. அவன் அப்பா முப்பது வருஷம் பனையேறியவர். பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சி, அந்தக் காசில்தான் மகனைப் படிக்க வைத்தார். கள் என்றால் வாசல்படி தாண்டவிட மாட்டார். பயலின் பயம் நியாயமானதுதான்.

நாகர்கோவிலில் டவுன் பஸ் பிடித்தேன். அம்மாண்டிவிளை தாண்டியதும் காற்றில் உப்பு வாடை வந்துவிட்டது. ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் வாழை, நடுநடுவே யாரையும் கண்டுகொள்ளாமல் நிற்கிற பனை. நண்பன் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தான். நேரே வீட்டுக்குப் போகாமல் கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனான். தைரியம் சேர்க்கிறானாம்.

மெரினா மணலையே பார்த்தவர்களுக்கு இந்தக் கடற்கரை ஒரு ஷாக். அலை வழித்துவிட்டுப் போன இடமெல்லாம் மணல் கன்னங்கரேல் என்று மின்னும். இல்மனைட், சிர்க்கான், கார்னெட், மோனசைட் என்று சாமான் லிஸ்ட் மாதிரி அத்தனை தாதுவும் இதிலே இருக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் கெமிஸ்ட், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, "அட, மோனசைட்!" என்று கண்டுபிடித்தார். தேடிக்கொண்டு இங்கேயே வந்து மணல் பிரிக்கும் ஆலையும் போட்டார். முதல் உலகப்போர் வந்ததும் பிரிட்டிஷ்காரன் அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டான். இன்று அந்த வேலையைச் செய்வது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம்.

மோனசைட் அப்போது எதற்கு? அதிலிருக்கும் தோரியம், விளக்கு மேண்டிலுக்கு வேண்டும். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி கடையில் செந்தில் ஒரே அமுக்கில் காலி பண்ணினாரே, பெட்ரோமாக்ஸ் மேண்டில், அதேதான்! பெட்ரோமாக்ஸும் ஜெர்மன் சரக்கு.

"பார்த்தியா, நூறு வருஷம் முன்னாடியே ஜெர்மன்காரனுக்கு எங்க ஊர்க் கறுப்பு தேவைப்பட்டுது. இப்ப நான் அவன் கறுப்பைக் கொண்டு வந்திருக்கேன்" என்று பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தான். உள்ளே ஒரு கைப்பிடி கறுத்த தானியம். வறுத்த பார்லி மால்ட்.

வீட்டுத் திண்ணையில் அப்பா. வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. மரத்தில் உரசி உரசி நெஞ்சில் காய்ப்பு. மூட்டு வலியால் மரமேறி வருஷங்கள் ஆகிவிட்டன.

"வாங்க தம்பி, சாயா குடிச்சாச்சா?"

நண்பன் எச்சில் விழுங்கினான். நான் அவன் தொடையில் கிள்ளினேன். கொட்டிவிட்டான்.

அவன் சொன்னது இதுதான். பார்லியை ஊறவைத்து, முளை கட்டி, காய வைத்தால் மால்ட். அதில் கொஞ்சத்தைக் காப்பிக்கொட்டை மாதிரி கறுக்க வறுக்க வேண்டும். பீரின் கறுப்பு முழுக்க இந்த வறுவலில் வருவதுதான். மற்றபடி இதுவும் சாதா பீர் அளவுக்குத்தான் ஏறும். மால்ட்டை நொறுக்கி அறுபத்தைந்து டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் மாவெல்லாம் சர்க்கரையாகிவிடும். வடிகட்டி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஈஸ்ட் விட வேண்டும். இதற்கான ஈஸ்ட்டுக்குக் குளிர்தான் பிடிக்கும். பத்து டிகிரியில் இரண்டு வாரம், அப்புறம் பனிக்கட்டி உறையும் குளிரில் ஒன்றிரண்டு மாதம். 'லாகர்' என்ற வார்த்தைக்கே ஜெர்மனில் சேமித்து வைப்பது என்றுதான் அர்த்தமாம். இந்தக் குளிருக்காகவே 1870-களில் ம்யூனிக்கில் லிண்டே என்பவர் பீர்க் கம்பெனிக்குக் குளிர்சாதன மெஷின் செய்து கொடுத்தார். நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அது ஒரு தாத்தா முறை.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கோபமா, தூக்கமா என்று எனக்குப் புரியவில்லை.

"எத்தன நாளு ஆவும்னு சொன்ன?"

"ரெண்டரை மாசம்ப்பா."

"ரெண்டரை மாசமா! புளிக்க வைக்கதுக்கா?" சிரித்துவிட்டார். "லேய் மக்ளே, நம்ம பனையில சுண்ணாம்பு தடவாம ராத்திரி கலயம் கெட்டுனா, விடியதுக்குள்ள அதுவா பொங்கி நிக்கும். புளிக்க வைக்க என்ன படிப்பு வேணும்? புளிக்காம வைக்கதுக்குல்லா படிக்கணும்!"

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவர் ராஜ்யம். நானும் நோட்டை எடுத்துவிட்டேன்.

பாளையைக் கடிப்பு வைத்து இதமாக நெரித்து, நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு சீவல் தடித்தாலும் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். கலயத்தைக் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே சுண்ணாம்பு பூச வேண்டும். காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட்டை எழவிடாமல் அமுக்குவது அந்தச் சுண்ணாம்புதான். குறைந்தால் புளிக்கும், கூடினால் கருப்பட்டியில் காரல் அடிக்கும். அளவு? "கைக்குத் தெரியும்" என்றார். ம்யூனிக்கில் தெர்மாமீட்டர் வாங்கியவன் தலையைக் குனிந்துகொண்டான்.

முப்பது மரம். காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். மரத்துக்கு நாற்பது அடி வைத்து பி.காம். மூளையால் கணக்குப் போட்டேன். தினமும் 2,400 அடி ஏற்றம், 2,400 அடி இறக்கம். டி.ஏ. கிடையாது. கேஷுவல் லீவும் கிடையாது, ஒருநாள் சீவாவிட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். நாமெல்லாம் ஆபீஸ் லிஃப்ட் ரிப்பேர் என்றால் மேனேஜருக்கு மனு எழுதுகிற ஜாதி.

"கள்ளு இறக்கினா காசு ஜாஸ்தியாச்சேப்பா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ, குரல் இறங்கிவிட்டது.

1987 ஜனவரி 1-ம் தேதி தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். அன்றிலிருந்து ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். சுண்ணாம்பு இருந்தால் தொழில், இல்லாவிட்டால் குற்றம். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் அங்கே போர்டு மாட்டிய கள்ளுக்கடை. 1956-ல் கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது இந்தப் பனைகளை யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் வைகாசியில் ஒரு ராத்திரி திடீர் மழை. கலயத்துச் சுண்ணாம்பு கரைந்து வழிந்துவிட்டது. விடிந்து ஏறிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கலயம் நுரை கட்டி நிற்கிறது. புளித்ததைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகாது. கொண்டு போனால் ரோட்டில் போலீஸ். "எனக்க மரம், எனக்க வேர்வை. திருடனப்போல சுத்தி சுத்திப் பாத்து, அம்புட்டையும் மணல்ல கவுத்தேன் தம்பி. அன்னைக்கு இவனுக்கு ஸ்கூல் பீஸ் கெட்ட வேண்டிய நாளு."

நண்பனுக்கு இது அதுவரை தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாதான் ஆரம்பித்தார். "ஒன்ன அங்க ஆரும் பிடிக்க மாட்டாவளா?"

"ஹாபியா செய்றவங்களுக்கு வருஷத்துக்கு 500 லிட்டர் வரைக்கும் வரியே கிடையாதுப்பா. விக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"ஐந்நூறு லிட்டரா..." என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"இங்க ஒரு தடவை காய்ச்சிக் காட்டட்டுமாப்பா? ஃப்ரிட்ஜ் இருக்கே" என்று உளறினான் பயல். எனக்கு வயிற்றைக் கலக்கியது. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டம் சும்மா விடாது. சாட்சிக் கையெழுத்து போட நான்தான் கிடைப்பேன். நல்லவேளை, அப்பா கையமர்த்திவிட்டார். "அங்க ஒள்ளது அங்க. இங்க ஒள்ளது இங்க."

பக்கத்து விளையிலிருந்து அக்கானி வந்தது. இந்தப் பக்கத்தில் பதநீருக்கு அதுதான் பெயர். பனையோலைப் பட்டையில் ஊற்றி, பச்சை மாங்காய்த் துண்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். இனிப்பு, லேசான சுண்ணாம்பு, ஓலை வாசனை. இரண்டாவது பட்டைக்கு நான் வெட்கப்படவில்லை.

அப்பா அந்தக் கறுத்த மால்ட் இரண்டை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார்.

"கருப்பட்டிக் காப்பிக்க ருசி இருக்குலே. வறுத்தவன் வெவரமானவன்" என்றவர், "மிச்சத்த அம்மைக்கிட்ட குடு, காப்பிப் பொடியோட இடிக்கட்டும்" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "அந்தக் கள்ளுச் சாமான எனக்க உரல்ல போடாத!" என்று கத்தினார். கடைசியில் இடித்தார்கள். குடித்தோம். நன்றாகவே இருந்தது.

நான் இரண்டு கருப்பட்டியோடு பஸ் ஏறினேன். அவன் லீவு முடிந்து விமானம் ஏறினான்.

போன மாதம் அவன் அடுத்த இருபது லிட்டர் புளித்துக் காடியாகிவிட்டதாம். அவ்வளவையும் கொட்டியிருக்கிறான். எனக்குத் தகவல் தாமதமாகத்தான் வந்தது. அதற்கு முன்னாலேயே அப்பாவுக்குப் போன் பண்ணிவிட்டான்.

அவர் கேட்டாராம், "பாத்திரத்த நல்லா கழுவி, வெயில்ல காய வச்சியா?"

"இங்க வெயிலே இல்லப்பா."

"அப்ப வெந்நீரு ஊத்துலே. ரெண்டு மட்டம்."

இப்போதெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் வருவதில்லை. மணவாளக்குறிச்சிக்குத்தான் போகிறது.