பதம் பார்த்தல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். அப் பழமொழி செல்லாத ஓரிடத்தை நான் இத்தாலி நாட்டின் வடமேற்கிலே, ஒரு முதியவரின் நிலவறையிலே கண்டேன். அதை எழுதுமுன் வாசகர்களிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் மது அருந்துபவனல்லன். யாழ்ப்பாணத்திலே, வலிகாமப் பகுதியிலே, மதுவின் பெயரைச் சொன்னாலே ஆச்சி முகஞ்சுளிக்கும் வீட்டில் வளர்ந்தவன். அத்தகைய ஒருவன் நாற்பத்து நான்கு வயதான ஒரு போத்தலுக்குத் தீர்ப்புச் சொல்ல நேர்ந்த கதை இது.

2017ஆம் ஆண்டில் அல்பா என்னும் சிறு நகரத்திலே, தனித்து வாழ்ந்த ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் அமர்ந்தேன். அவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நகரைச் சூழ்ந்து லங்கே என்னும் குன்றுகள் அலையலையாகக் கிடக்கின்றன. குன்றின் சரிவெங்கும் முந்திரிகைத் தோட்டங்கள். பிறர் திராட்சை என்று சொல்லும் முந்திரிகையைத்தான் சொல்கிறேன். அத் தோட்டங்களின் அழகையும் பழமையையும் கருதி யுனெஸ்கோ நிறுவனம் 2014இல் அந் நிலப்பரப்பை உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்றுக்கொண்டது.

அங்கே விளையும் முந்திரிகைகளுள் தலையாயது நெபியோலோ. அவ்வூர் மொழியில் 'நெபியா' என்றால் மூடுபனி. பனி குன்றுகளை மூடும் ஐப்பசியிலே, ஏனைய இனங்களெல்லாம் பறிக்கப்பட்ட பின்னரே இது பழுப்பதால் அப் பெயர் பெற்றதென்பர் பலர். பதினொரு ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோவிலிருந்து மட்டும் செய்யப்படும் செந்நிற மதுவுக்குப் பரோலோ என்று பெயர். அறுவடைக்குப் பின் 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்களாயினும் மரப்பீப்பாவிலே, கிடந்தாலன்றி அப் பெயரைச் சூட்டி விற்கச் சட்டம் இடங்கொடாது. 'ரிசெர்வா' என்ற அடைமொழி வேண்டுமாயின் 62 மாதங்கள் செல்ல வேண்டும். அயலிலே விளையும் பர்பரெஸ்கோவுக்கு 26 மாதங்கள் போதும். சட்டம் குறிப்பது விற்பனைக்குரிய காலத்தை மாத்திரமே. அருந்துதற்குரிய காலத்தை எந்தச் சட்டமும் சொல்வதில்லை. அதை நாவும் மூக்குமே சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் விடியற்காலை இறக்கிய பனங்கள் மாலைக்குள் புளித்துப் போகும். இங்கேயோ ஒரு போத்தல் மகனோடு கூடவே பிறந்து, மகனோடு கூடவே வளர்கிறது. முதியவரின் ஒரே மகன் 1978இல் பிறந்தான். அவ்வாண்டு விளைச்சல் குறைவு; ஆயினும் விளைந்தது நெடுங்காலம் நிற்கும் மது. அது விற்பனைக்கு வந்த காலத்தில் முதியவர் பன்னிரண்டு போத்தல்களை வாங்கி நிலவறையிலே சாய்த்து வைத்தார். தக்கை உலர்ந்து சுருங்காதிருத்தற் பொருட்டே போத்தல்கள் படுத்த நிலையில் வைக்கப்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒன்றைத் திறந்து பதம் பார்த்தார். மகனுக்கு இருபது வயதானபோது இருவரும் சேர்ந்து ஒன்றைத் திறந்தார்களாம். அப்போதும் அது வாயைக் கட்டிப் பிடித்ததாம்.

நான் சென்றபோது மூன்று போத்தல்கள் எஞ்சியிருந்தன. மகன் வருவது நின்றிருந்தது. தாயாரின் வீட்டை விற்ற விடயத்தில் தந்தைக்கும் மகனுக்கும் மனத்தாங்கல். மகன் இருந்ததோ தூரதேசமன்று. ஒரு மணித்தியாலப் பயணத்திலுள்ள தொரினோ நகரம். மகனை அழைக்கலாமே என்று நான் எப்போதாவது சொன்னால் முதியவர் நிலவறைப் பக்கம் கையைக் காட்டி, "அது இன்னும் பதமாகவில்லை. பதமானதும் அழைப்பேன். அப்போது அவனும் நானும் குடிப்போம்" என்பார். நானும் அதை நம்பினேன்.

2020ஆம் ஆண்டு பங்குனியிலே கொரோனா நோய் வட இத்தாலியை உலுக்கியது. முதியவரும் நோயுற்று, பிழைத்து வீடு திரும்பினார். திரும்பியவர் காலைக் கோப்பியைக் கையிலெடுத்து, முகர்ந்து, மீண்டும் முகர்ந்து, என்னைப் பார்த்தார். மணம் தெரியவில்லை. ஓராண்டு சென்றும் அது திரும்பவில்லை. சுவையென்று நாம் சொல்வதிற் பெரும் பங்கு மணமே என்பதை அவரைக் கண்டே அறிந்தேன். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகியன நாவுக்குத் தெரியும். உணவு இன்ன உணவென்று சொல்வது மூக்கு.

2022ஆம் ஆண்டு மாரி தொடங்குமுன் ஒரு நாள் அவர், "எனக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. அந்தப் போத்தல்களின் பதத்தை இனி நான் பார்க்க இயலாது. நீர்தான் பார்க்க வேண்டும்" என்றார். நான் திடுக்கிட்டு, "ஐயா, நான் குடிப்பதில்லையே" என்றேன். "குடிக்க வேண்டாம். வாயில் எடுத்துக் கொப்பளித்து உமிழ்ந்து விடும். இத் தொழிலில் உள்ளவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். அன்றிரவு தொலைபேசியில் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "உமிழுறதெண்டால் சரி" என்றாள்.

பாடங்கள் தொடங்கின. முதலில் இளம் மது, 2013ஆம் ஆண்டினது. வாயில் எடுத்த கணமே பற்களும் ஈறும் இறுகின. "என்ன தெரிகிறது?" என்றார். இத்தாலிய மொழியில் சொல் அகப்படாமல் திண்டாடினேன். தமிழில் சொல் இருந்தது: துவர்ப்பு. வாழைப்பூவிலும் கடுக்காயிலும் பச்சைப் பாக்கிலும் உள்ள அதே துவர்ப்பு. ஆறு சுவைகளுள் ஒன்றாக நாம் அதற்கு இடங்கொடுத்திருக்கிறோமென்று நான் சொன்னபோது அவர் மிக மகிழ்ந்தார். பழத்தோலிலும் வித்திலும் உள்ள தனின் என்னும் பொருளே அதற்குக் காரணம். அது உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாயின் வழவழப்புப் போய் இறுகுகிறது. ஆகவே துவர்ப்பென்பது சுவையென்பதிலும் பார்க்கத் தொடுகை என்பதே பொருந்தும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தனின் தன்னோடு தானும், நிறப்பொருளோடும் இணைந்து பருத்து, ஈற்றில் வண்டலாகப் போத்தலின் அடியில் படிகிறது. மேலே நிற்பது மென்மையடைகிறது.

அடுத்தது 2001ஆம் ஆண்டினது. கண்ணாடிக் கிண்ணத்தை வெள்ளைத் துணியின் மேற் சரித்துப் பிடித்து ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். இளம் மதுவின் ஓரம் மாணிக்கச் சிவப்பு; முதிர்ந்ததன் ஓரம் செங்கல் நிறம். "ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர். நெபியோலோ இளமையிலேயே நரைக்கும் இனம்" என்று எச்சரித்தார். இளமையில் ரோசாவும் தாரும் மணக்கும். முதுமையில் உலர்ந்த இலை, காளான், தோல், புகையிலை. பழத்தின் சாரம் வற்றுமுன் துவர்ப்புத் தணிந்திருக்க வேண்டும். துவர்ப்பு முந்தி நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும். சாரம் வற்றிப் புளிப்பு மட்டும் எஞ்சினால் காலம் கடந்துவிட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள காலமே பதம்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மூன்றில் ஒன்றைத் திறப்பதென்று முடிவு செய்தோம். இரண்டு நாட்களுக்கு முன்னரே அதை நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் இறங்கச் செய்தேன். போத்தலின் கழுத்தில் மது சற்றே தாழ்ந்திருந்தது. அவ்வயதுக்கு அது இயல்பென்றார். தக்கை பாதியில் உடைந்தது. மிகப் பக்குவமாக மீதியை எடுத்தேன். கழுத்தின் பின்னே மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, வண்டல் கழுத்தை எட்டும் வரை மெல்ல மெல்ல வேறு பாத்திரத்தில் ஊற்றினேன்.

முகர்ந்து பார்த்தேன். நெடுநாள் பூட்டிக் கிடந்த பெட்டகத்தைத் திறந்தாற் போன்ற வாடை. "கெட்டுவிட்டது, ஐயா" என்றேன். அவர் முகம் மாறவில்லை. "நாற்பது வருடம் மூச்சு விடாமல் கிடந்தவனிடம் உடனே பேச்சை எதிர்பாராதீர். இரண்டு மணித்தியாலம் பொறும்" என்றார். பொறுத்தேன். வாடை அகன்றது. முதலில் உலர்ந்த இலை. பின்பு, நான் சற்றும் எதிர்பாராதபடி, பூசைக்குப் பறித்து மறுநாள் தட்டில் வாடிக் கிடக்கும் ரோசாவின் மணம். வாயில் எடுத்தேன். துவர்ப்பு இருந்தது, ஆனால் பிடிக்கவில்லை, தடவிச் சென்றது. உமிழ்ந்த பின்னும் மணம் நெடுநேரம் நின்றது. முதியவர் ஒரு சொல்லும் பேசாது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலும் இரண்டு மணித்தியாலம் கழித்து மீண்டும் பார்த்தேன். ரோசா மறைந்திருந்தது. நடுவே ஒரு வெறுமை. புளிப்பு மட்டும் மேலே வந்தது.

அப்போதுதான் எனக்கு உண்மை விளங்கிற்று. இது இன்று பதமான மதுவன்று. பதமாகிப் பல ஆண்டுகள் சென்ற மது. முதியவரின் மூக்கு நலமாயிருந்த நாளிலேயே பதமாகியிருக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாதிருந்திருக்குமா? "இன்னும் ஆகவில்லை" என்று நான் ஒரு சொற் சொன்னாற் போதும். மனம் நோகாது அவர் இன்னும் சில காலம் காத்திருப்பார். என் வேலைக்கும் அதனால் ஒரு கேடுமில்லை. என்றாலும் அவர் தம் மூக்கை இரவல் வாங்கியிருந்தது என்னிடம். இரவல் கொடுத்ததைப் பொய்யாகக் கொடுப்பது எப்படி?

"ஐயா, இது எப்போதோ பதமாகிவிட்டது. இனி வைத்திருந்தால் இழப்பீர்கள்" என்றேன்.

அவர் கிண்ணத்தை வாங்கி ஓரத்தின் நிறத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்" என்றார். சற்று நேரத்தின் பின் படுக்கச் சென்றார். மறுநாள் ஞாயிறு. காலையிலே தொலைபேசியருகே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். நான் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டேன்.

மார்கழியில் மகன் வந்தார். நாற்பத்து நான்கு வயது. தந்தையின் அதே நெற்றி. இருவரும் கைகுலுக்கினர்; பின்பு என்ன செய்வதென்றறியாது நின்றனர். இரண்டாவது போத்தலைத் திறந்தேன். ஈரத்தில் ஊறிய கடதாசி நாற்றம். இரண்டு மணித்தியாலம் வைத்தும் அது அகலவில்லை, கூடிற்று. தக்கையிலே சில பூஞ்சணங்களால் உண்டாகும் கேடு அது; எவ்வளவு காத்திருந்தாலும் மாறாது. மகன் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். எதையும் முகர இயலாத முதியவரோ, "என்ன, என்ன?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பா, நாற்பது வருடம் காத்து வைத்தீர்களே, தக்கை தின்றுவிட்டது" என்று மகன் சிரித்தார். தந்தையும் சிரித்தார். நான் அவ்வீட்டில் அவர் சிரித்துக் கேட்டது அன்றுதான்.

ஒரு பானைக்கு ஒரு சோறு போதும். ஒரே நெருப்பு எல்லாச் சோற்றையும் அவிக்கிறது. பழைய போத்தல்கள் அப்படியல்ல. ஒரே நாளில் ஒரே பீப்பாவிலிருந்து இறங்கினாலும், ஒவ்வொன்றும் தன் தக்கைக்கேற்ப வாழ்கிறது. ஒன்று நன்றாயிருந்ததென்று மற்றதை நம்பியிருக்க முடியாது.

மூன்றாவது நன்றாயிருந்தது. முதியவரும் வாயிலெடுத்தார். அவருக்கு ரோசாவும் இல்லை, இலையும் இல்லை. நாவைச் சுழற்றிவிட்டு, என் சொல்லையே தமிழில், கொன்னையாகச் சொன்னார்: "துவர்ப்பு." பின்பு, "அது தெரிகிறது. போதும்" என்றார். மகன் தம் கிண்ணத்தை முகர்ந்து, தாம் அறிந்த மணங்களை ஒவ்வொன்றாகத் தந்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தந்தையார் முந்திரிகைப் பந்தல் வைத்திருந்தவர். பறித்த பின் பழுக்காத கனி முந்திரிகை. ஆகவே குலையைக் கையிலேந்தி, இன்றா நாளையா என்று அவர் சொல்லும் சொல்லே பதம். நான் ஊருக்குக் கடைசியாகப் போனது 2011இல். தொலைபேசியில் அவர் ஒவ்வொரு முறையும், "உனக்கு வசதிப்படேக்கை வா, தம்பி" என்பார். கடன் தீரட்டும், பிள்ளையின் படிப்பு முடியட்டும் என்று நானும் சொல்லி வந்தேன். இரண்டும் தீர்ந்து மூன்றாண்டாகியிருந்தது.

விடிந்ததும் முதியவரிடம் விடுமுறை கேட்டேன். "எத்தனை நாள்?" என்றார். "ஒரு மாதம்" என்றேன். "போய் வாரும்" என்றார். 2023ஆம் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு நான் வீட்டு வாசலில் நின்றேன். அப்பாவுக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. அருகில் வரச் சொல்லி, என் முகத்தைத் தடவிப் பார்த்து, "மெலிஞ்சு போனாய்" என்றார்.