சக்கரம் இருந்தும்

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் என் தம்பி சக்கரம் வைத்த வண்டி வீட்டிலேயே ஆண்டு முழுவதும் குடித்தனம் நடத்துகிறான். டொர்னேடோக்கள் மிகுந்த மே மாதத்தில் போய் மாட்டிக்கொண்டேன். மதியம் ரேடியோவில் 'வரலாம்' என்றார்கள். மாலையில் 'வந்துவிட்டது' என்று சங்கு ஊதியது.

"வண்டியைக் கிளப்படா, ஓடிவிடலாம்!" என்றேன்.

"100 கிலோமீட்டர் வேகக் காற்றே இதைக் குப்புறத் தள்ளிவிடும், அண்ணா. இறங்கு!"

நானோ நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தேடினேன். கையைப் பிடித்து இழுத்தான். உதறினேன், அவன் விடவில்லை.

எதிரே கான்க்ரீட்டில் கட்டிய பொதுக் குளியலறை. அதன் தரையில், தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, இருபது பேரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

சுழல் வேறு பக்கம் போயிற்று. வண்டியும் பிரதியும் வைத்தது வைத்தபடி இருந்தன. தம்பி காப்பியை நீட்டியபோதுதான் பார்த்தேன்: அவன் மணிக்கட்டில் என் நகக் கீறல். அந்த நாவலை முடிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.