கடைசியாய்ச் சொன்ன பெயர்

கண்டியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்னத் தொகுப்பு தயாரிக்கிறோம். கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களைப் பற்றி ஆறு பேர் எழுதிய கட்டுரைகள். பக்க வடிவமைப்புக்குக் கொடுக்கக் காசு இல்லை. அதனால பேண்டொக்கை வைத்து நாங்களே செய்கிறோம்.

தெரியாதவங்களுக்குச் சொல்லணும்னா, பேண்டொக் ஓர் இலவச மென்பொருள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிப்பிக்கும் ஜோன் மெக்ஃபார்லேன் 2006இல் தொடங்கியது. மார்க்டவுனில் சாதாரணமாய்த் தட்டி வைத்ததை, ஒரே கொமாண்டில் வேர்ட் பைலாகவோ, இணையப் பக்கமாகவோ, லாடெக் வழியாக பிடிஎஃப் ஆகவோ மாற்றித் தரும். எந்த எழுத்துரு, பொருளடக்கம் வேணுமா, எழுதியவர் யார் என்பதையெல்லாம் ஒப்ஷன்களாக அந்தக் கொமாண்டோடு சேர்த்துச் சொல்லலாம்.

சரி, ஒரே ஒப்ஷனை ரெண்டு தரம் சொன்னா என்னாகும்?

இதற்கு ஒரே பதில் இல்லை. அவுட்புட் பைலின் பெயரை ரெண்டு தரம் கொடுத்தால் கடைசியாய்ச் சொன்னதுதான் நிற்கும். பொருளடக்கம் எத்தனை மட்டம் இறங்கணும் என்பதும் அப்படித்தான். ஆனால் சிஎஸ்எஸ் பைல்களை எத்தனை கொடுத்தாலும் அத்தனையும் சேரும், கொடுத்த வரிசையிலேயே. ஃபில்டர்களும் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். வரிசையை மாற்றினால் முடிவும் மாறலாம். எழுத்துருவை வேரியபிளாக ரெண்டு தரம் கொடுத்தால் இன்னொரு கூத்து. ரெண்டு பெயரும் ஒட்டிக்கொள்ளும், அப்படியோர் எழுத்துருவே இல்லை என்று லாடெக் நின்றுவிடும். நிற்பது நல்லதுதான். நின்றால் நமக்குத் தெரியும்.

பயப்பட வேண்டியது சத்தமில்லாமல் நடப்பதற்கு. எழுதியவர் பெயரை மெட்டாடேட்டாவாகக் கொமாண்டில் ஆறு தரம் கொடுத்தால் ஆறும் ஒரு பட்டியலாகிவிடும். ஆனால் ஆறு பெயரும் ஏற்கெனவே பைலின் தலைப்பகுதியில் இருக்கும்போது, படம் வரைந்த தங்கச்சியின் பெயரை மட்டும் ஏழாவதாகக் கொமாண்டில் சேர்த்தால்? சேராது. கொமாண்டில் சொன்னது பைலில் உள்ளதை மொத்தமாக மேவிவிடும். ஆறு பேரும் போய் அவள் பெயர் மட்டும் நிற்கும்.

அச்சுக்குக் கொடுக்க முன்பு இதை வேணும்னே ஒருதரம் ஓட்டிப் பார்த்தோம். எரர் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. "பிடிஎஃப் அழகாத்தான் வந்திருக்குண்ணே, நாமதான் அதுல இல்ல" என்று தெல்தோட்டைத் தம்பி சிரிச்சான்.

எங்க பக்கத்தில் இந்தச் சிரிப்பு கொஞ்சம் கசக்கும். தொகுப்பில் ஒரு கட்டுரை லூல்கந்துர தோட்டத்தைப் பற்றியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். இலங்கைத் தேயிலையின் கதையை யார் சொன்னாலும் அவர் பெயர் வரும். அங்கே காடு வெட்டினவங்க, குழி தோண்டினவங்க, கன்று நட்டவங்க பெயர்கள் அந்தக் கதையில் வருவதில்லை. அந்தப் பட்டியலைத் திரும்ப எடுக்க எந்தக் கொமாண்டும் இல்லை. இந்தப் பட்டியலாவது எங்க கையில் இருக்கு.

அதனால ஒரு விதி வைத்துக்கொண்டோம். பெயர்கள் எல்லாம் பைலின் தலைப்பகுதியில் மட்டும், பட்டியலாக. கொமாண்டில் யார் பெயரும் வராது. புதுசா ஒருவர் சேர்ந்தால் பட்டியலில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். நீங்களும் நாலைந்து பேராகச் சேர்ந்து எதையாவது வெளியிடுறீங்கன்னா, இதைச் செய்து பாருங்க.

அச்சகத்துக்கு அனுப்ப முன்பு ஒருவர் முதல் பக்கத்தைச் சத்தமாய் வாசிக்கணும், இன்னொருவர் விரல்விட்டு எண்ணணும். எங்களுக்கு ஏழு வரணும்.