பெயர் பொறித்த கற்கள்

குழந்தை தான் வியப்பவரைப் போல நடக்க முயலும் இயல்பினது. பெரியவர் செருப்பில் கால் நுழைத்து நடக்கும் சிறுவனிடமும், கையில் பிரம்பேந்தித் தூண்களுக்குப் பாடம் நடத்தும் சிறுமியிடமும் இவ்வியல்பைக் காணலாம். ஆகவே இளம் பருவத்தினருக்கு ‘இவர் வீரர்’ என்று ஒருவரைச் சுட்டிக் காட்டுவது பெரும் பொறுப்பாகும். எவர் போல் வாழ்வது என்பதற்கு ஓர் அளவுகோலை அவர்கள் கையில் கொடுப்பதாகும் அது. வீடும் பள்ளியும் அவ்வளவுகோலைக் கொடாவிடில், திரைப்படம் கொடுத்துவிடும்.

பண்டைத் தமிழர் வீரரைப் போற்றிய முறை இங்கே எண்ணத் தக்கது. போரில் மாண்டவனுக்கும், பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கச் சென்று உயிர் விட்டவனுக்கும் அவர்கள் கல் நட்டனர்; அவன் உருவைச் செதுக்கினர்; பெயரையும் செயலையும் பொறித்தனர். திருவண்ணாமலையை அடுத்த செங்கம் வட்டாரத்தில் இத்தகைய நடுகற்கள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றான எடுத்தனூர் நடுகல், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் எழுப்பப்பட்டது. அதில் நிற்பவன் மன்னன் அல்லன். கருந்தேவகத்தி என்னும் வீரன். அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் அக்கல் கூறுகிறது.

ஏழு வயதுக் குழந்தைகளுக்கு இக்கதையைச் சொன்னால் அவர்கள் கண்கள் மலரும். வீரனாவதற்கு அரண்மனையில் பிறக்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் தாமே உணர்வர். பிறரைக் காக்க முன்வந்தவரின் பெயரை, காக்கப்பட்டவர் மறவாதிருத்தல் கடன் என்பதும் விளங்கும்.

ஆயினும் வகுப்பறைகளில் வீரர் வரலாறு பெரும்பாலும் வேறு விதமாகவே நடைபெறுகிறது. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, பெற்ற பட்டம், ஆற்றிய அருஞ்செயல் என்று கரும்பலகை நிறைகிறது. மாணவர் மனப்பாடம் செய்கின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆனால் அந்த வீரருக்கும் அச்சம் இருந்ததா, வேறு வழி இருந்ததா, அதை ஏன் அவர் நாடவில்லை என்று கேட்பார் இல்லை. குறையே இல்லாதவராகக் காட்டப்படும் மனிதரைக் குழந்தை வணங்கும்; பின்பற்ற எண்ணாது.

மலேசிய மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. சிபில் கார்த்திகேசு 1899இல் பிறந்த யுரேசியப் பெண்மணி. மருத்துவத் தாதியாகப் பயிற்சி பெற்றவர். தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்து ஈப்போவில் வாழ்ந்தவர். ஜப்பானியர் ஆட்சியின்போது அவர் குடும்பம் ஈப்போவை அடுத்த பாப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே, ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் மறைந்திருந்த போராளிகள் காயமுற்று வந்தபோது அவர்களுக்கு மருந்திட்டார். அவர்களுள் பெரும்பாலோர் சீனர். 1943இல் கைதாகிக் கொடுந்துன்பம் அடைந்தார். தம் இளைய மகளின் உயிரைக் காட்டி அச்சுறுத்தியபோதும் அவர் போராளிகளைக் காட்டிக் கொடுக்கவில்லை. போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு ஜார்ஜ் பதக்கம் அளித்தது. சிறைக் கொடுமையால் நலிந்த அவர் 1948இல் மறைந்தார்.

இவ்வரலாற்றைக் கீழ்வகுப்பில் சொல்லும் ஆசிரியர், சித்திரவதையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கதவு தட்டப்படும் ஓசையிலிருந்து தொடங்கலாம். வெளியே காயம்பட்ட ஒருவன் நிற்கிறான். அவனை உள்ளே விட்டால் வீட்டார் அனைவருக்கும் ஆபத்து. கதவைத் திறப்பதா, திறவாதிருப்பதா? குழந்தைகள் சற்றுச் சிந்திக்கட்டும். ‘திறக்க மாட்டேன், பயமாக இருக்கும்’ என்று ஒரு குழந்தை கூறினால் அதனைக் கடிதல் கூடாது. அச்சத்தின் அளவை அறிந்த பின்னரே, கதவைத் திறந்தவரின் பெருமையை அளக்க இயலும். இனத்தையும் மொழியையும் பாராமல் திறந்த கதவு அது என்பதையும் பிள்ளைகள் அறிந்துகொள்வர்.

சிபிலின் பெயர் நூலிலும் ஈப்போவின் சாலையொன்றிலும் நிலைத்திருக்கிறது. அதே காலத்தில் பெயரின்றி மறைந்தவரோ பல்லாயிரவர். சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942 முதல் 1943 வரை ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு, மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பசியும் வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தன. அப்பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தோட்டத் தொழிலாளிக்கோ அத்தகைய கல் இல்லை. நாயின் பெயரையும் கல்லில் எழுதி வைத்த மரபில் வந்த மக்களுக்கு நேர்ந்த நிலை இது.

வலிந்து இழுத்துச் செல்லப்பட்டவரை வீரர் எனலாமா என்று மாணவர் வினவக்கூடும். நல்ல வினாவே அது. துன்புற்றார் என்பதனால் மட்டும் ஒருவர் வீரராகிவிடுவதில்லை. ஆனால் நோயுற்ற தோழனைத் தோளில் சுமந்தவர் வீரர். கணவன் சயாமுக்குப் போனபின் மரவள்ளிக் கிழங்கைக் கொண்டே பிள்ளைகளைக் காப்பாற்றி, போர் முடிந்ததும் விடியுமுன் பெரட்டுக்கு ஓடிப் பால்மரம் வெட்டிய தாயும் வீரரே. சயாமிலிருந்து மீண்டவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்கள் கதையை நேரில் கேட்ட மக்களும் முதுமை எய்திவிட்டனர். பேரப் பிள்ளைகள் கேளாவிடில், வீட்டில் எஞ்சியுள்ள நினைவும் மறைந்துபோகும்.

எனவே ‘எங்கள் குடும்பத்து வீரர்’ என்று ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுக்கலாம். பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு, ஒரு பெயரும் ஒரு செயலும் எழுதிவரச் செய்தால் போதும். இதில் ஆசிரியருக்குக் கனிவு வேண்டும். குடியினால் குலைந்த வீட்டிலிருந்து வரும் குழந்தையும், தந்தை முகம் அறியாத குழந்தையும் வகுப்பில் இருப்பர். அவர்கள் தலை குனியலாகாது. அடுத்த வீட்டு அக்காள், பள்ளிக் காவலர், தம்பியைத் தூக்கி வளர்க்கும் அண்ணன் என எவரைப் பற்றியும் எழுதலாம் என்று முன்னரே கூறிவிடுதல் நன்று.

புறநானூற்றில் பொன்முடியார், ஒரு வீரன் உருவாவதற்குத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர் ஆற்ற வேண்டிய கடமைகளை வகுத்துரைத்தார். அப்பாடலில் சான்றோன் என்னும் சொல் போர்வீரனைக் குறித்தது. பிற்காலத்தில் அதுவே பண்பு நிறைந்தவனைக் குறிப்பதாயிற்று. அம்மாற்றத்தைச் சொல்லளவில் நிறுத்தாமல் செயலில் காட்டும் பொறுப்பு ஆசிரியருடையது. நொண்டி நடக்கும் சிறுவனைப் பிறர் எள்ளும்போது, ‘விடுங்கள்’ என்று ஒரு மாணவி தனியே எழுந்து நிற்பாளாயின், அவள் பெயரை அன்று கரும்பலகையில் எழுதலாம். மணி அடித்ததும் அவ்வெழுத்து அழிக்கப்படும். கண்டிருந்த முப்பது குழந்தைகளின் நெஞ்சில் அது நெடுநாள் நிற்கும்.