பாலத்தில் சொன்னது

அடுத்த மாதம் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கமாட்டார்களாம். வீட்டில் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை அப்பாவுடன் பழைய ரயில் பாதையில் நடக்கப் போனேன்.

கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியிலிருந்து சில நிமிடங்களில் புக்கிட் தீமா ரயில் நிலையம். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு இங்கு ரயில் ஓட்டம் நின்றது. இன்று இது 24 கிலோமீட்டர் நடைபாதை. எங்கும் சைக்கிள்கள், ஓட்டக்காரர்கள்.

இரும்புப் பாலத்தில் அப்பா நின்றார். கீழே வாகனங்கள் விரைந்தன.

“குளுவாங்கிலேருந்து வேலை தேடி இது வழியாத்தான் வந்தேன். பையில ரெண்டு சட்டை, அண்ணன் வீட்டு விலாசம். அவ்வளவுதான்.”

அங்கேயே சொல்லிவிட்டேன்.

“எத்தனை நாளாத் தெரியும்?”

“மூணு வாரம்ப்பா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வா, தோசை சாப்பிடலாம்” என்றார்.

மூன்று வாரங்களில் முதல்முறையாக எனக்குப் பசித்தது.